எந்த ஊருக்குக் குடிபோவது?

பெண்ணுக்கு வரன் பார்ப்பது போல இப்போது ஊர் பார்க்கிறார்கள். நன்றாகப் படித்து, கையில் ஒரு தொழிலும் பெட்டியில் ஒரு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கும் இளைஞன், உலகத்து நகரங்களை ஜாதகங்களைப் போலப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டொராண்டோவில் சம்பளம் நல்லது, குளிர் தாங்காது. சிங்கப்பூர் சுத்தமான ஊர். வாடகை கழுத்தை நெரிக்கும். மெல்போர்னில் தமிழ்க் கடைகள் உண்டு; அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் ஓடி வரமுடியாத தூரம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தால் மற்ற இரண்டைப் பற்றி வீட்டில் விவாதம் நடக்கிறது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நம் பாட்டனார்களுக்கு இந்தப் பாக்கியம் இருந்ததில்லை. பசி துரத்திய திசையில் அவர்கள் போனார்கள். கங்காணி சொன்ன ஊரே அவர்களுக்குத் தெரிந்த ஊர். ரங்கூனா பினாங்கா என்று நிறுத்துப் பார்க்க அவர்களிடம் தராசும் இல்லை, நேரமும் இல்லை. இன்று ஒருவன் உலகப் படத்தை விரித்து, 'இதில் எங்கே வாழலாம்?' என்று கேட்க முடிகிறது என்றால், அது மனித வரலாற்றிலேயே மிகச் சிலருக்குக் கிடைத்த சுதந்தரம். ஆனால் சுதந்தரம் எங்கே இருக்கிறதோ அங்கே அறம் பற்றிய கேள்வியும் வந்து நின்றுவிடுகிறது. கட்டாயத்தால் போனவனை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. தேர்ந்தெடுத்துப் போகிறவனைத்தான், 'எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாய்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. லண்டனில் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைச் சேர்ந்த ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று, ஆண்டுதோறும் 173 நகரங்களைப் பரீட்சைக்கு உட்கார வைத்து மதிப்பெண் போடுகிறது. அமைதி, மருத்துவம், கலாசாரமும் சுற்றுச்சூழலும், கல்வி, அடிப்படை வசதிகள் என்று ஐந்து பாடங்கள். 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் மாணவனாகத் தேறியது ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னா. 2025-ல் கோபன்ஹேகன் முந்திக்கொண்டது. வியன்னா இரண்டாவது இடத்துக்கு வந்தது.

இந்தப் பாடங்களை அற்பமென்று நான் நினைக்கவில்லை. நல்ல தண்ணீரும், நல்ல ஆஸ்பத்திரியும், பெண்பிள்ளை இரவில் பயமின்றித் திரும்பி வரும் தெருவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவனைச் சுயநலக்காரன் என்று சொல்ல எந்த வேதாந்திக்கும் உரிமை இல்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிப் பழகியவர்களுக்குத் தண்ணீரின் வேதாந்தம் நன்றாகவே தெரியும்.

ஆனால் பட்டியலில் மதிப்பெண் மட்டும்தான் இருக்கிறது. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பது இல்லை. வியன்னாவில் குழாயைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலை ஊற்றின் தண்ணீர் வருகிறது. அதற்கு முதல் வழி திறக்கப்பட்டது 1873-ல். நகரத்துக் கிணறுகள் கெட்டு நோய் பரவிக்கொண்டிருந்த காலத்தில், மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று நகர சபையில் நின்று போராடியவர் எட்வர்ட் ஸூயஸ் என்ற நிலவியல் அறிஞர். அவர் வியன்னாவில் பிறந்தவர் அல்லர். 1831-ல் லண்டனில் பிறந்து, பிராக் நகரில் வளர்ந்து, பிறகு பையனாக வியன்னாவுக்கு வந்து சேர்ந்தவர். குடிவந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வீடும் அப்படித்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் தொழிலாளிகள் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். படுக்கையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தூங்கியவர்களும் உண்டு. நகராட்சி, பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பெரிய வரியும் சிறிய வீட்டுக்காரர்களுக்குச் சிறிய வரியுமாகப் போட்டு, அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் அந்த நகரத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ, பொதுப்பணத்தின் உதவியால் கட்டிய வீடுகளிலோ வாழ்கிறார்கள். வாடகை கழுத்தை நெரிக்காத ஊர் என்று இன்று நாம் வியக்கிறோம். யாரோ வரி கட்டினார்கள், யாரோ வசைகளைத் தாங்கினார்கள், யாரோ செங்கல் சுமந்தார்கள். நல்ல ஊரை உண்டாக்கியவர்கள் நல்ல ஊரைத் தேடிக்கொண்டு போனவர்கள் அல்லர். கெட்டுக் கிடந்த ஊரில் தங்கியவர்கள்.

இது வரையில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இதற்கு மேலேதான் சிக்கல் தொடங்குகிறது. அதைச் சொல்ல வியன்னாவை விட்டு நம் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வரவேண்டும்.

தமிழில் ஊர் மாறிய கதை என்றால் கோவலன் கதைதான். பொருளை இழந்தான், பெற்றோர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டான், கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்து மதுரையில் பிழைத்துக்கொள்ளலாம் என்று விடியுமுன் புறப்பட்டான். ஏன் மதுரை? பெரிய நகரம், பணம் புரளும் நகரம், செங்கோல் நடக்கும் நகரம் என்று புகழ் பெற்ற நகரம். இன்றைய பட்டியலில் சேர்த்திருந்தால் அமைதி, செல்வம், கலாசாரம் எல்லாவற்றிலும் முதல் வகுப்பில் தேறியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று கதை எழுதுகிறவனாகிய எனக்குத் தோன்றுகிறது. மதுரையில் அவனை யாருக்கும் தெரியாது. பழைய கதையைக் கிண்டிக் கேட்க ஆள் இல்லை. புதிதாகத் தொடங்கலாம்.

எந்த நன்மைக்காக மதுரையைத் தேர்ந்தெடுத்தானோ அதுவே அவனைக் கொன்றது. பொற்கொல்லன், 'இவன்தான் கள்வன்' என்றான். கொல்ல வந்த காவலர்களிலேயே சிலருக்குச் சந்தேகம் வந்தது. இவன் தோற்றம் கள்வனுடைய தோற்றமாக இல்லையே என்று தயங்கினார்கள். அந்த ஒரு நிமிஷத்தில், 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரே ஒருவர் அந்தத் தெருவில் இருந்திருந்தால் சிலப்பதிகாரம் நடந்திருக்காது. புகாராக இருந்திருந்தால், மாசாத்துவானின் மகனைத் திருடன் என்று சொன்ன மாத்திரத்தில் ஊரே கூடியிருக்கும். மதுரையில் அவனுக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாதவன் என்பதுதான் அந்நியன் என்ற சொல்லுக்குப் பொருள்.

அப்படியானால் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரே நல்ல ஊர், பிறந்த ஊரைவிட்டு நகரக்கூடாது என்று முடிவு கட்டலாமா? முடியாது. கோவலன் வணிகர் தலைவனின் மகன். 'இன்னாருடைய மகன்' என்று ஊருக்குத் தெரிவது அவனுக்குக் கவசம். அதே தெரிதல் வேறொருவனுக்கு விலங்கு.

டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி. பரோடா மன்னரின் உதவியால் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு, ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்ப்பதற்காக 1917-ல் அவர் திரும்பி வந்தார். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளில் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே அவர் மனத்திலிருந்து அழிந்து போயிருந்தது. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும், 'எங்கே தங்குவது?' என்ற கேள்வி அதை மறுபடியும் எழுப்பிவிட்டது. பார்ஸிகளின் விடுதி ஒன்றில் வேறு பெயர் கொடுத்து மாடியில் தனியே தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, 'நீ யார்?' என்று கேட்டு வெளியே விரட்டிற்று. நண்பர்கள் இருவரிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, தாம் இடம் கொடுத்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். மற்றவர் கிறிஸ்தவர், மனைவியைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார். கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் படித்துத் தேறியவர், பம்பாய் ரயில் வரும் வரையில் பரோடாவின் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதையும் இதுபோன்ற வேறு சிலவற்றையும் அவர் எழுதிவைத்த சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். சொந்த நாட்டு ஊருக்குள் நுழைய ஒருவனுக்கு விசா வேண்டியிருந்தது என்பதைவிட அந்தத் தலைப்புக்கு வேறு உரை தேவையில்லை.

கோவலன், தன்னை யாருக்கும் தெரியாததால் அழிந்தான். அம்பேத்கர், தம்மை யாரென்று தெரிந்துகொண்டதால் துரத்தப்பட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மனிதன் எந்த மாதிரி ஊரைத் தேடுகிறான் என்பது விளங்குகிறது. அப்பன் பெயரைக் கேட்டு மதிக்கும் ஊரும் அவனுக்குப் போதாது. கேட்பாரற்றுக் கிடக்க விடும் ஊரும் போதாது. அப்பன் பெயர் தெரியாவிட்டாலும், 'இவனை எனக்குத் தெரியும். இவன் மனிதன்' என்று சாட்சி சொல்லும் ஊர் வேண்டும்.

அத்தகைய ஊர் உண்டா? இளங்கோவடிகள் கதையிலேயே ஓர் ஆள் உண்டு. மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடையர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அப்போது அவர் சொல்லும் செய்தி கூர்ந்து கவனிக்கத் தக்கது. கண்ணகியின் மாமனார் பெயரைக் கேட்டால் மதுரையின் பெரிய வணிகர்கள் கிடைத்தற்கரிய செல்வம் கிடைத்ததுபோல் எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள். அதுவரைக்கும் உன்னிடம் அடைக்கலம் என்கிறார். பெயரைக் கேட்டால் கதவு திறக்கும் செல்வர்கள் ஒரு பக்கம். எந்த உறவும் இல்லாத மாதரி ஒரு பக்கம். வந்தவர்கள் நோன்பு நெறி உடையவர்கள் என்பதற்காக, அவர்கள் தாங்களே சமைத்து உண்ணும்படி நல்ல கலங்களும் அரிசியும் காய்களும் கொண்டுவந்து வைத்தாள் அவள். 'எங்கள் வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதைத் தின்னுங்கள்' என்று சொல்லவில்லை. 'எங்கள் வீட்டில் உங்கள் சமையல் ஆகாது' என்றும் சொல்லவில்லை. அந்தப் பகுதிக்கு அடைக்கலக் காதை என்று பெயர். அடுத்த பகுதிக்குப் பெயர் கொலைக்களக் காதை. ஒரே ஊர் அடுத்தடுத்த இரண்டு காதைகளில் அடைக்கலமாகவும் கொலைக்களமாகவும் இருக்கிறது. மாதரியின் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் தூரந்தான் இடைவெளி.

ஊர்கள் இப்படி மாறும் என்பது பழங்கதை மட்டும் அல்ல. பட்டியலில் முதல் மாணவனாக நின்ற வியன்னாவையே மறுபடியும் பார்ப்போம்.

ஸிக்மண்ட் பிராய்டு நான்கு வயதுக் குழந்தையாக அந்த நகருக்கு வந்தார். எழுபத்தெட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அவற்றில் நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரே தெருவில், ஒரே கட்டடத்தில். 1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. வந்த சில நாட்களுக்குள், நேற்றுவரை வணக்கம் சொன்ன அண்டை வீட்டார் சுற்றி நின்று சிரிக்க, யூதர்கள் முழந்தாளிட்டு நடுத்தெருவைத் தேய்த்துக் கழுவ வைக்கப்பட்டார்கள். ஜூன் மாதம், எண்பத்திரண்டு வயதில், வாயையும் தாடையையும் அரித்த நோயோடு பிராய்டு லண்டனுக்கு ரயில் ஏறினார். வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய சகோதரிகள் நால்வரும் பின்னர் நாஜி முகாம்களில் மாண்டார்கள். ஆஸ்திரிய யூதர்களில் கொல்லப்பட்டவர்கள் அறுபத்தையாயிரத்துக்கும் மேல். மலைத் தண்ணீர் அப்போதும் குழாய்களில் வந்துகொண்டுதான் இருந்தது. நகராட்சி கட்டிய வீடுகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஐந்து பாடங்களில் ஒன்றிலும் சேராத ஒன்று மட்டும் போய்விட்டது. 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்லும் வாய்கள் மூடிக்கொண்டன.

அந்த ஆண்டு ஜூலையில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் பிரான்ஸில் ஏவியான் என்ற ஊரில் கூடி, இந்த அகதிகளை என்ன செய்வது என்று பேசினார்கள். அனுதாபம் நிறையக் கிடைத்தது. இடம் அநேகமாகக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வியன்னாவின் யூதக் குடும்பம் ஒன்று, உலகத்தில் வாழச் சிறந்த நகரம் எது என்று கேட்டிருந்தால் விடை ஷாங்காய். போரில் இடிந்த தெருக்களும் நெரிசலும் நோயும் நிறைந்த துறைமுகம் அது. ஆனால் அதற்குள் நுழைய விசா வேண்டியதில்லை. ஆஸ்திரியாவை விட்டு வெளியேறத்தான் ஏதாவது ஒரு நாட்டு விசாத்தாள் கையில் இருக்கவேண்டும். வியன்னாவில் சீன நாட்டுத் தூதராக இருந்த ஹோ பெங்-ஷான் என்பவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பெர்லினில் இருந்த மேலதிகாரி நிறுத்தச் சொன்னார், அவர் நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கான தாள்கள். ஐரோப்பாவிலிருந்து ஷாங்காயில் போய் உயிர் பிழைத்தவர்கள் இருபதாயிரத்தை நெருங்குவார்கள். வியன்னாவில் வாழ்ந்த ஓர் அந்நியர், வியன்னாவிலேயே பிறந்தவர்களுக்குச் சாட்சியாக நின்றார்.

தமிழர்களுக்கும் இது தெரியாத கதையன்று. ரங்கூனைத் தம் ஊராக நினைத்து வாழ்ந்தவர்கள் 1942-ல் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கொழும்பில் 1983 ஜூலையில், வீட்டிலிருப்பவர்கள் யார் என்று காட்டும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் தமிழர் வீடுகளைத் தேடிற்று. பெயர் தெரிந்ததே ஆபத்தாயிற்று. அதே தெருக்களில், பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று, 'இங்கே யாரும் இல்லை' என்று சொன்ன சிங்களவர்களும் இருந்தார்கள். அந்தப் பொய்யைவிட உண்மையான சாட்சி வேறு உண்டா?

ஆகவே பட்டியலில் உள்ள இடத்தை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பவன், மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் விசாரித்த மாமனாரைப் போன்றவன். வியன்னா இன்று வருத்தப்பட்டுத் திருந்தி மறுபடியும் தழைத்திருக்கும் நகரம், அதில் ஐயமில்லை. அங்கேயும்கூட, வாக்களிக்கும் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், குடியுரிமை இல்லாததால் நகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்களாக இருக்கிறார்கள். தண்ணீர் உண்டு, மருத்துவம் உண்டு, பூங்கா உண்டு. ஊர் விஷயத்தில் பேசும் வாய் மட்டும் இல்லை. குடிபோக நினைக்கிறவன் இதையெல்லாம் விசாரிக்க வேண்டும். அங்கே ஏற்கனவே போனவர்களிடம் சம்பளத்தைக் கேட்பதோடு நிற்காமல், 'முதல் வீடு உனக்கு எப்படிக் கிடைத்தது? உனக்காக யார் கையெழுத்துப் போட்டார்? நடுராத்திரியில் காய்ச்சல் வந்தபோது எந்த வீட்டுக் கதவைத் தட்டினாய்?' என்று கேட்க வேண்டும். பட்டியல் சொல்லாததை அந்த மூன்று பதில்கள் சொல்லிவிடும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். 'ஊர் என்பது நாம் வாங்கும் சரக்கல்ல. நாம் கடன்பட்ட இடம். நம்மைப் படிக்க வைத்த ஊரை விட்டுவிட்டு, யாரோ பாடுபட்டு உண்டாக்கிய ஊரில் போய் உட்கார்ந்துகொள்வது சரியா?' கிரேக்க நாட்டில் ஸாக்ரடீஸ் இந்தக் கட்சியைத்தான் எடுத்தார். கி.மு. 399-ல், எழுபது வயதில், சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபோது, தப்பிப்போக ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றான் அவருடைய நண்பன் கிரீட்டோ. ஸாக்ரடீஸ், ஏதென்ஸின் சட்டங்களே எழுந்து நின்று தம்மைக் கேட்பதாகக் கற்பனை செய்து பேசினார். பிடிக்காவிட்டால் சொத்தோடு வேறு ஊருக்குப் போக உனக்கு உரிமை இருந்தது; ஸ்பார்ட்டாவையும் கிரீட்டையும் நல்லாட்சி நடக்கும் இடங்கள் என்று நீயே புகழ்ந்தாய்; ஆனாலும் போகவில்லை; எழுபது ஆண்டுகள் இங்கேயே இருந்து எங்களை ஏற்றுக்கொண்டாய் என்று அவை சொல்கின்றன. புகழ்வதற்கு வேறு ஊர், வாழ்வதற்கு இந்த ஊர் என்று அவர் வாழ்ந்திருக்கிறார். நம்மிலும் பலர் அப்படித்தான். அவரைப்போல் அதன் விலையைக் கொடுக்கத்தான் எல்லாராலும் முடிவதில்லை.

ஸாக்ரடீஸை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் வாதம் ஏதென்ஸின் குடிமகனுக்குப் பொருந்தும். அதே ஏதென்ஸின் அடிமைக்குப் பொருந்தாது. உரிமையோடு இருந்தவனிடம்தான் ஊர் கடன் கேட்க முடியும். சேரியில் தள்ளி வைத்த கிராமம், தன்னை விட்டு ஓடியவனைப் பார்த்து நன்றி கெட்டவன் என்று சொல்லக் கூடாது. ஆகையால் போவது தவறு என்று பொதுவாக விதிக்க எனக்கு மனமில்லை. போகலாம். பசிக்காகப் போகலாம், படிப்புக்காகப் போகலாம், மானத்துக்காகவும் போகலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போகிற ஊரில் நாம் விலைகொடுத்து வாங்கிய பார்வையாளர்கள் அல்ல. ஸூயஸைப் போல மலைத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லவில்லை. வந்து சேர்ந்த ஊரின் துன்பத்தில் ஒரு கை வைக்கிறவனுக்கே அது ஊர். மற்றவர்களுக்கு அது விடுதி. விடுதியில் எத்தனை ஆண்டு தங்கினாலும் விடுதிதான்.

இனி, போகாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் போகப் போவதில்லை. பிள்ளை போயிருப்பான், அவர்கள் இங்கேயே, மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டுக்கொண்டு, அவன் டெலிபோனுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்த மாடிப் போர்ஷனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கேட்டில் பலகை தொங்குகிறது. வருகிறவனிடம் முதலில் வாடகை பேசுவதில்லை. 'சொந்த ஊர் எது?' என்ற கேள்வி வருகிறது. அதில் விளங்காவிட்டால் 'என்ன சாப்பிடுவீர்கள்?' அதிலும் விளங்காவிட்டால், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'நீங்க என்ன ஆளுங்க?' பெயரைக் கேட்ட மாத்திரத்தில், 'நேற்றுத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்' என்று விடை வருவதும் உண்டு. தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் ஒரு சந்தேகம். வடக்கிலிருந்து வந்த தொழிலாளி என்றால் இன்னொரு சந்தேகம். கேட்பவர் கொடியவர் அல்லர். நல்ல மனிதர், கோயிலுக்குப் போகிறவர், பிச்சைக்காரனை வெறுங்கையோடு அனுப்பாதவர். அதே மனிதரின் மகனுக்குக் கடல் கடந்த நகரில் யாரோ ஒரு வீட்டுக்காரன், பெயரையும் நிறத்தையும் பார்த்து வீடு இல்லை என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு முழுதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என்ன அநியாயமான ஊர் என்று கலங்குவார். அந்தக் கலக்கம் உண்மையானது. தம் கேட்டின் மறுபுறம் நின்று திரும்பிப் போன பையனுக்கும் ஓர் அப்பா எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார் என்ற நினைப்புத்தான் வருவதில்லை.

உலகத்தில் எந்த நகரம் நம் பிள்ளையை அப்பன் பெயர் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் என்று தேடுகிறோம். அப்படிப்பட்ட நகரங்கள் கொஞ்சமாவது இருக்கின்றன என்றால், அங்கே இருக்கும் வீட்டுக்காரர்களில் சிலராவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் காரணம். வேறு மந்திரம் இல்லை. அந்த ஊர்களின் மண்ணில் பெருந்தன்மை முளைப்பதில்லை. வியன்னாவின் மண் 1938-லும் அதே மண்தான்.

நம்மால் முடியாத காரியமும் அல்ல இது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, பள்ளிவாசல்களும் மாதா கோயில்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. மாடி வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுக்காரர்களையும், முன்பின் தெரியாதவர்களையும் மேலே ஏற்றிக்கொண்டார்கள். ஒரே அடுப்பில் பொங்கியதை எல்லாரும் தின்றார்கள். அந்தச் சில நாட்களில், 'நீங்க என்ன ஆளுங்க?' என்று யாரும் கேட்டதாகக் காணோம். தண்ணீர் வடிந்தது. பலகைகள் மறுபடியும் கேட்டில் தொங்கின. வெள்ளத்தில் நம்மிடம் இருந்த குணம் வெயிலில் எங்கே போய்விடுகிறது?

எந்த ஊருக்குக் குடிபோவது என்று யோசிக்கிற இளைஞன் போகட்டும். நல்ல ஊராகப் பார்த்தே போகட்டும். அவனுக்கு நான் சொல்லக்கூடியது, அங்கே உனக்கு முன்னால் வந்து உனக்கு வழி காட்டியவனை மறக்காதே, உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு வழி காட்டு என்பதுதான். இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இன்னும் சிறியது. அடுத்த முறை பலகையைப் பார்த்து யாராவது படியேறி வந்தால், சொந்த ஊரைக் கேட்குமுன் கதவைத் திறந்து வீட்டைக் காட்டுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பால்காரர் எப்போது வருவார், பக்கத்தில் எந்த டாக்டர் நல்லவர் என்று சொல்லுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, 'இவர் நம்ம வீட்டுக்குப் புதுசா வந்திருக்கார்' என்று அறிமுகம் செய்து வையுங்கள். அந்தப் பையனுக்கு இந்த ஊரில் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள்.